மரியன்னைக்கு நம்மை அர்ப்பணிக்க 33 நாள் தயாரிப்பு: முதல் முறை செய்பவர்களுக்கு

செப்டம்பர் 8 ஆரோக்கிய மாதா திருவிழா அன்று மாதாவின் கையில் உங்களை முழுவதுமாக ஒப்படைக்க நினைக்கிறீர்களா? அப்படியானால் ஆகஸ்ட் 6ஆம் தேதியே தயாரிப்பைத் தொடங்கிவிட வேண்டும். 33 நாள் தயாரிப்பு, 34ஆம் நாள் அர்ப்பணம். ஜெபமாலை சொல்லத் தெரியும், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவேன், அதற்கு மேல் எதுவும் தெரியாது என்பவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். அதற்கு மேல் எதுவும் தேவையும் இல்லை.

இது என்ன, யார் தந்தது

இந்த முறையை நமக்குத் தந்தவர் புனித லூயிஸ் மோன்ஃபோர்ட். பிரான்சின் பிரிட்டனி பகுதியில் 1673இல் பிறந்த குரு. ஏற்காட்டில் இருக்கும் மான்ஃபோர்ட் பள்ளிக்கு இவர் பெயர்தான். ஊர் ஊராக நடந்து போய் ஏழை மக்களுக்கு ஞானப் பிரசங்கம் செய்தவர், அப்படிப் பிரசங்கம் செய்யப் போன ஊரிலேயே 1716இல், 43 வயதில், உயிர்விட்டார். மரியன்னை மீதுள்ள உண்மையான பக்தி பற்றி அவர் எழுதிவைத்த கையெழுத்துப் பிரதி ஒரு பெட்டிக்குள் கிடந்து 1842இல்தான் கண்டெடுக்கப்பட்டது. இந்த நூல் ஒரு பெட்டியின் இருட்டில் ஒளித்துவைக்கப்படும் என்று அந்த நூலிலேயே அவர் முன்கூட்டி எழுதியிருந்தார். திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், போர்க்காலத்தில் போலந்தில் தொழிற்சாலைத் தொழிலாளியாக இருந்தபோது இந்த நூலைப் படித்தார். பின்னாளில் தம் விருதுவாக்காக வைத்துக்கொண்ட 'முழுவதும் உமதே' என்பது இந்த அர்ப்பணத்தின் சாரம்.

மோன்ஃபோர்ட் கேட்பது ஒன்றே ஒன்றுதான். ஞானஸ்நானத்தில் நமக்காக ஞானப்பெற்றோர் சொன்ன வாக்குறுதிகளை இப்போது நாமே, சுயநினைவோடு, மரியாவின் கைகள் வழியாக இயேசுவுக்குப் புதுப்பித்துக் கொடுக்க வேண்டும். போய்ச் சேரும் இடம் இயேசுதான். மாதாவிடம் நின்றுவிடும் பக்தியை மோன்ஃபோர்ட் எங்குமே சொல்லவில்லை.

அப்படியானால் நேராக இயேசுவிடமே கொடுக்கலாமே என்று கேட்பீர்கள். அதற்கு அவரே ஒரு உவமை சொல்கிறார். அரசனின் அன்பைப் பெற விரும்பும் ஓர் ஏழைக் குடியானவனிடம் இருப்பது ஒரே ஒரு ஆப்பிள் பழம். அவன் அதை அரசியிடம் கொடுக்கிறான். அரசி அதை அழகான தங்கத் தட்டில் வைத்து, அவன் சார்பில் அரசன் முன் வைக்கிறாள். பழம் அதே பழம்தான். ஆனால் அது வந்த கையைப் பார்த்து அரசன் மகிழ்ந்து வாங்கிக்கொள்கிறான்.

நேர்ச்சை வேறு, இது வேறு

முதல் நாளுக்கு முன்பே இதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள், இல்லையென்றால் 33 நாளும் தடம் மாறிப் போகும். நமக்குப் பழக்கமான மாதா பக்தி நேர்ச்சை பக்தி. குழந்தை பிறந்தால் தொட்டில் செலுத்துகிறேன், கால் குணமானால் வெள்ளியில் கால் செய்து போடுகிறேன், பையனுக்கு வேலை கிடைத்தால் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடந்து வருகிறேன் என்று வேண்டிக்கொள்வோம். அதில் தவறு இல்லை. பிள்ளை தாயிடம் கேட்காமல் யாரிடம் கேட்பது?

ஆனால் மோன்ஃபோர்ட் போலி பக்தர்களை ஏழு வகையாகப் பிரித்துப் பட்டியல் போடுகிறார். அதில் கடைசி வகை, வழக்கு ஜெயிக்க, ஆபத்திலிருந்து தப்பிக்க, நோய் தீர என்பதற்காக மட்டுமே மாதாவிடம் ஓடி, காரியம் இல்லாதபோது அவரை மறந்துவிடுகிறவர்கள். இந்த வரியைப் படிக்கும்போது நம்மில் பலருக்குச் சுருக்கென்று குத்தும். குத்தட்டும், நல்லதுதான். நேர்ச்சையில் 'நீர் இதைத் தந்தால் நான் அதைத் தருவேன்' என்கிறோம். அர்ப்பணத்தில் எந்த நிபந்தனையும் கிடையாது. என்னையும் எனக்குள்ளதையும் உங்களிடம் கொடுத்துவிட்டேன், கடவுளின் மகிமைக்காக உங்கள் விருப்பம்போல் பயன்படுத்துங்கள் என்கிறோம். மகளுக்கு வரன் அமைய வேண்டும் என்பதற்காக இந்த 33 நாளைத் தொடங்க நினைத்தால், அந்த வேண்டுதலுக்கு ஒரு நவநாள் செய்யுங்கள். இதை வேறொரு சமயம் செய்யலாம்.

படி 1: நாள் குறித்தல்

மரியன்னையின் திருவிழா ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதிலிருந்து 33 நாள் பின்னோக்கி எண்ணுங்கள். செப்டம்பர் 8க்கு ஆகஸ்ட் 6. விண்ணேற்புத் திருவிழாவான ஆகஸ்ட் 15க்கு ஜூலை 13. மடு மாதா திருவிழாவும் அன்றுதான் என்பதால் இலங்கைச் சகோதரர்களுக்கு இந்த நாள் பொருந்தும். தூத்துக்குடி பனிமய மாதாவின் ஆகஸ்ட் 5க்கு ஜூலை 3, அதாவது புனித தோமாவின் திருவிழா அன்று தொடக்கம். அமல உற்பவ மாதாவின் டிசம்பர் 8க்கு நவம்பர் 5. லூர்து மாதாவின் பிப்ரவரி 11க்கு ஜனவரி 9. மங்கள வார்த்தைத் திருநாளான மார்ச் 25க்கு பிப்ரவரி 20, லீப் ஆண்டில் பிப்ரவரி 21.

முதல் முறை செய்பவர்களுக்கு நான் சொல்வது செப்டம்பர் 8தான். காரணம் இருக்கிறது. இந்த 33 நாளில் மாதாவைத் தியானிக்கும் வாரம் ஆகஸ்ட் 25 முதல் 31 வரை வரும். வேளாங்கண்ணியில் கொடியேற்றம் ஆகஸ்ட் 29. ஊரே மாதாவைப் பாடும் நாட்களில் நீங்களும் அவரைப் பற்றி வாசித்துக்கொண்டிருப்பீர்கள், அதற்குத் தனி முயற்சி தேவைப்படாது.

படி 2: கையில் இருக்க வேண்டியவை

விவிலியம், ஜெபமாலை, ஒரு சாதாரண நோட்டு. மோன்ஃபோர்ட்டின் நூலும் 33 நாள் ஜெபங்கள் அடங்கிய தமிழ்க் கையேடும் கத்தோலிக்கப் புத்தகக் கடைகளில் விசாரித்தால் கிடைக்கும். உங்கள் பங்கில் மரியாயின் சேனை என்ற பக்தசபை இருந்தால் அவர்களிடம் கேளுங்கள், மோன்ஃபோர்ட் அவர்களுக்குப் புதியவர் அல்ல. ஒரு கையேட்டைத் தேர்ந்தெடுத்தால் கடைசிவரை அதையே பின்பற்றுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் வேறு வேறு முறைகளைக் கலக்க வேண்டாம்.

பங்குத்தந்தையிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கடைசி நாளில் பாவசங்கீர்த்தனத்துக்கு நேரம் கேட்க அது உதவும். உங்கள் அன்பியத்திலிருந்து (பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் ஜெபக் குழு) ஒருவரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. தினமும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள், அதுவும் ஒரே நேரமாக இருக்கட்டும். வீட்டில் எல்லோரும் எழுவதற்கு முந்திய அரை மணி நேரத்துக்கு ஈடாக வேறு நேரம் இல்லை. இரவில் செய்யலாம் என்று தள்ளிப்போட்டால் தூக்கம்தான் ஜெயிக்கும்.

படி 3: முதல் 12 நாள் (ஆகஸ்ட் 6–17), உலகப் போக்கை விட்டு வெறுமையாதல்

தினமும் தூய ஆவியாரை அழைக்கும் பாடல், 'கடலின் விண்மீனே வாழ்க' எனத் தொடங்கும் மரியன்னை பாடல், மரியாவின் புகழ்ச்சிப் பாடல் (லூக்கா 1:46-55). பிறகு அன்றைய வாசகம். முதல் மூன்று நாள் மத்தேயு நற்செய்தியின் மலைப்பொழிவு, 5 முதல் 7 வரையிலான அதிகாரங்களிலிருந்து. வாசித்த பிறகு ஐந்து நிமிடமாவது சும்மா உட்காருங்கள்.

உலகப் போக்கு என்றால் ஏதோ பெரிய பாவங்கள் என்று நினைக்க வேண்டாம். 'ஏழையரின் உள்ளத்தோர் பேறுபெற்றோர்' என்பதை வாசித்துவிட்டு, அடுத்த மாதக் கல்யாணத்துக்கு நாத்தனார் போடும் நகையைவிட ஒரு பவுன் கூடப் போட வேண்டும் என்று கடன் வாங்கும் யோசனையில் இருந்தால், அதுதான் உலகப் போக்கு. பக்கத்து வீட்டுச் செய்தியில் சுவை காண்பதும் இதில் சேரும். இந்தப் 12 நாளில் ஏதாவது ஒன்றை மட்டும் விடுங்கள். இரவு ஒன்பது மணிக்கு மேல் போனைத் தொடுவதில்லை என்றோ, இங்கே இல்லாதவரைப் பற்றிப் பேசுவதில்லை என்றோ முடிவெடுக்கலாம். பத்தை ஒரே நேரத்தில் விட முயன்று நாலாம் நாள் சோர்ந்துபோவதைவிட இது மேல். நடுவில் ஆகஸ்ட் 15 வருகிறது, கடன் திருநாள். அன்றைய திருப்பலியே உங்கள் தயாரிப்பின் பகுதிதான்.

படி 4: தன்னை அறியும் வாரம் (ஆகஸ்ட் 18–24)

பலர் நின்றுவிடுவது இந்த வாரத்தில்தான். என் கணிப்பில் மொத்தத் தயாரிப்பின் உயிரும் இந்த வாரத்தில்தான் இருக்கிறது. எதைக் கொடுக்கிறோம் என்று தெரியாமல் எப்படிக் கொடுப்பது?

ஜெபங்கள்: தூய ஆவியார் மன்றாட்டுமாலை, மரியன்னை மன்றாட்டுமாலை, 'கடலின் விண்மீனே வாழ்க'. இதோடு எரிகோவின் பார்வையற்றவர் கேட்டதையே நாமும் கேட்கும்படி மோன்ஃபோர்ட் சொல்கிறார்: 'ஆண்டவரே, நான் மீண்டும் பார்வைபெற வேண்டும்' (லூக்கா 18:41). நாள் முழுக்க, பஸ்ஸில், அடுப்படியில், எத்தனை முறை முடியுமோ அத்தனை முறை இதைச் சொல்லுங்கள்.

இங்கேதான் நோட்டு வேலைக்கு வருகிறது. இரவில் அன்றைய நாளைத் திரும்பிப் பார்த்து இரண்டு மூன்று வரி எழுதுங்கள். ஆனால் எழுதும் விதம் முக்கியம். 'நான் கோபக்காரி' என்று எழுதினால் அது ஒன்றும் செய்யாது. 'அத்தை மாத்திரை எங்கே என்று இரண்டாவது தடவை கேட்டபோது பதில் சொல்லாமல் டப்பாவை டொக்கென்று மேசையில் வைத்தேன். அவர் அதன்பிறகு தண்ணீர்கூடக் கேட்கவில்லை' என்று எழுதுங்கள். இந்த வரியை ஆண்டவர் முன் வைத்து உட்காரும்போது, கோபத்துக்குப் பின்னால் இருப்பது என்ன என்று தெரியவரும். களைப்பாக இருக்கலாம். 'எல்லாவற்றையும் நான்தான் செய்கிறேன், யாரும் பார்ப்பதில்லை' என்ற மனத்தாங்கலாக இருக்கலாம். அந்த மனத்தாங்கலையும் சேர்த்துத்தான் செப்டம்பர் 8 அன்று கொடுக்கப் போகிறீர்கள். ஏழு நாள் இப்படி எழுதினால் ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வருவதைக் காண்பீர்கள். அதன் அடியில் ஒரு கோடு போட்டுவைத்துக்கொள்ளுங்கள். பாவசங்கீர்த்தனத்தில் முதலில் சொல்ல வேண்டியது அதுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பழைய பாவங்களைக் கிளறி, ஏற்கெனவே மன்னிப்புப் பெற்றதை மறுபடி மறுபடி நினைத்து நடுங்குவது இந்த வாரத்தின் நோக்கம் இல்லை. அப்படி மனம் இழுத்தால் நோட்டை மூடிவிட்டு, ஜெபமாலையைக் கையில் எடுங்கள். பயம் விடாமல் துரத்தினால் குருவிடம் பேசுங்கள்.

படி 5: மாதாவை அறியும் வாரம் (ஆகஸ்ட் 25–31)

முந்திய வாரத்தின் மன்றாட்டுமாலைகள் தொடரும். கூடவே தினமும் ஐந்து பத்துமணி ஜெபமாலை. வாசிப்பதற்கு லூக்கா முதல் இரண்டு அதிகாரங்கள், யோவான் 2இல் கானா கல்யாணம், யோவான் 19இல் சிலுவையடி.

மரியாவிடம் விளங்கும் பத்து முக்கியப் புண்ணியங்களை மோன்ஃபோர்ட் எண்ணிச் சொல்கிறார்: ஆழ்ந்த தாழ்ச்சி, உயிருள்ள விசுவாசம், கேள்வி கேட்காத கீழ்ப்படிதல், இடைவிடாத ஜெபம், தன்னலமறுப்பு, தூய்மை, பற்றியெரியும் அன்பு, பொறுமை, வானதூதருக்குரிய கனிவு, ஞானம். எல்லாவற்றையும் பிடிக்க முயல வேண்டாம். போன வாரம் கோடு போட்டுவைத்தீர்களே, அதற்கு நேர் எதிரான புண்ணியம் எது என்று பார்த்து அந்த ஒன்றை மட்டும் இந்த வாரம் மாதாவிடம் கேளுங்கள்.

கானாவில் அவர் சொன்ன 'அவர் உங்களுக்குச் சொல்வதெல்லாம் செய்யுங்கள்' என்ற வார்த்தையோடு ஒரு நாள் முழுவதும் இருந்து பாருங்கள். நற்செய்தியில் நமக்குக் கிடைக்கும் அவருடைய கடைசி வார்த்தை அது. அதன் பிறகு சிலுவையடியில் நிற்கிறார், ஒன்றும் பேசவில்லை.

படி 6: இயேசுவை அறியும் வாரம் (செப்டம்பர் 1–7)

தூய ஆவியார் மன்றாட்டுமாலையோடு இயேசுவின் திருநாம மன்றாட்டுமாலை சேரும். வாசிப்பு, யோவான் 13 முதல் 17 வரையும் ஆண்டவரின் பாடுகளும். முடிந்தால் ஒரு நாள் நற்கருணை ஆராதனையில் ஒரு மணி நேரம். இந்த வாரத்தைப் பற்றி நான் நீட்டி எழுதப் போவதில்லை. முதல் 26 நாளை ஒழுங்காகச் செய்தவருக்கு இங்கே வழிகாட்டுதல் அதிகம் தேவைப்படாது.

படி 7: பாவசங்கீர்த்தனமும் அர்ப்பண ஜெபமும்

திருவிழாவுக்கு முந்திய நாள் மாலை பாவசங்கீர்த்தன வரிசை எவ்வளவு நீளும் என்று உங்களுக்கே தெரியும். செப்டம்பர் 4 அல்லது 5ஆம் தேதியே போய்விடுங்கள்.

அர்ப்பண ஜெபத்தை அச்சிட்ட தாளில் வைத்து வாசிக்கலாம். ஆனால் உங்கள் கையாலேயே எழுதுங்கள் என்பேன். எழுதும்போது ஒவ்வொரு வரியும் நின்று கேள்வி கேட்கும். பாவி என்று ஒப்புக்கொண்டு ஞானஸ்நான வாக்குறுதிகளைப் புதுப்பிக்கிறோம், சாத்தானையும் அவன் ஆடம்பரங்களையும் செயல்களையும் விட்டுவிடுகிறோம், வாழ்நாளெல்லாம் இயேசுவின் பின்னால் சிலுவையைச் சுமக்க நம்மைக் கொடுக்கிறோம். பிறகு மாதாவை அன்னையாகவும் தலைவியாகவும் தேர்ந்துகொண்டு, உடலையும் ஆன்மாவையும், வெளிச் சொத்தையும் உள்சொத்தையும், நாம் செய்த, செய்கிற, செய்யப்போகிற நற்செயல்களின் பலனையும்கூட அவர் கையில் வைக்கிறோம். 'அடிமையாக' என்று வரும் இடத்தில் சிலர் தயங்குவார்கள். 'நான் ஆண்டவரின் அடிமை' என்று வானதூதரிடம் மரியா சொன்ன அதே மனநிலையைத்தான் கேட்கிறார்கள். அன்பினால் தாமே விரும்பி ஏற்கும் நிலை அது, வற்புறுத்தல் அங்கே இல்லை.

செப்டம்பர் 8 அன்று திருப்பலியில் நற்கருணை வாங்குங்கள். அர்ப்பணத்தைத் திருப்பலிக்குள் நுழைக்க வேண்டாம். இது பக்தி முயற்சி, வழிபாடு அல்ல, ஆகவே திருப்பலிக்கு வெளியே செய்ய வேண்டும் என்று வத்திக்கான் திருவழிபாட்டுப் பேராயத்தின் 2001ஆம் ஆண்டு வழிகாட்டி சொல்கிறது. அதே ஏடு, திடீர் உணர்ச்சி வேகத்தில் இதைச் செய்யக் கூடாது, சரியான தயாரிப்போடும் சுதந்திரத்தோடும் செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. பூசை முடிந்து கூட்டம் கலைந்ததும் மாதா பீடத்தின் முன்னோ, வீட்டுப் பீடத்தின் முன்னோ முழந்தாளிட்டு ஜெபத்தை வாசித்து, கையெழுத்துப் போட்டு, தேதி எழுதுங்கள்.

அன்று காணிக்கையாக ஏதாவது கொடுக்கச் சொல்கிறார் மோன்ஃபோர்ட். ஒரு நோன்பு, ஒரு தர்மம், ஒரு மெழுகுதிரி, அவரவர் சக்திக்கு ஏற்றது. ஒரு குண்டூசியையே கொடுத்தாலும் நல்ல மனதோடு கொடுத்தால் இயேசுவுக்கு அது போதும் என்று எழுதியிருக்கிறார்.

வழக்கமாக வரும் கேள்விகள்

ஒரு நாள் தவறிவிட்டால்? மறுநாள் இரண்டு நாளுக்குரியதையும் சேர்த்து வாசித்துவிட்டுத் தொடருங்கள். இது சத்தியம் செய்து ஏற்ற வார்த்தைப்பாடு அல்ல, தவறினால் பாவமும் அல்ல. நாலைந்து நாள் விட்டுப்போனால் அடுத்த திருவிழாவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், அவசரம் ஒன்றும் இல்லை.

பலனையெல்லாம் கொடுத்துவிட்டால் இறந்துபோன அப்பாவுக்காக இனி ஜெபிக்க முடியாதா? இந்தக் கேள்வியைக் கண் கலங்கிக் கேட்பவர்கள் உண்டு. தாராளமாக ஜெபிக்கலாம், பூசை ஒப்புக்கொடுக்கலாம். மோன்ஃபோர்ட்டே இதற்குப் பதில் எழுதியிருக்கிறார். நம் உறவுகளை நாம் மறந்தாலும், நம்மை முழுதும் ஏற்றுக்கொண்ட தாய் மறப்பாரா? அப்பாவை அவரிடம் சொல்லிவிட்டு, மிச்சத்தை அவருக்கே விடுங்கள். பிள்ளைகளுக்காக, வேலைக்காக, நோய்க்காகவும் அப்படித்தான். கேட்பது நிற்காது, கேட்டது எப்படி நடக்க வேண்டும் என்ற பிடிவாதம்தான் தளரும்.

உத்தரியம் (மாதா பக்தியின் அடையாளமாகக் கழுத்தில் அணியும் சிறு துணி) கட்டாயமா? இல்லை. அணிந்தால் நல்லது.

அர்ப்பணத்துக்குப் பிறகு

தினமும் காலையில் ஒரே வரியில் புதுப்பியுங்கள்: 'அன்பு இயேசுவே, உம் தாய் மரியா வழியாக நான் முழுவதும் உமக்கே சொந்தம், எனக்குள்ளதெல்லாம் உம்முடையது.' கையெழுத்திட்ட தாளை விவிலியத்துக்குள் வையுங்கள். நோட்டைக் கிழித்துப் போட்டுவிடலாம்.

ஒவ்வோர் ஆண்டும் அதே தேதியில் புதுப்பிக்க வேண்டும். அப்போது 12 நாள் பகுதி தேவையில்லை, மூன்று வாரம் போதும். ஆகவே அடுத்த ஆண்டு உங்கள் தொடக்க நாள் ஆகஸ்ட் 18.